ராட்டினத்தில் ஏறிய தயிர்

நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போய்த் திரும்பிய வருடம் அது. மேலேயிருந்து அவர் என்னவெல்லாம் பார்த்திருப்பார் என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் அவருடைய வயிற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் என் மனைவி.

கல்யாணமாகி வந்த முதல் புரட்டாசியிலேயே அவளுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகும் பசி திரும்பவில்லை. ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். கையை உயர்த்தினால் வளையல் முழங்கை வரை ஓடியது. மலைக்கு அந்தப் பக்கமுள்ள அடி அண்ணாமலையிலிருந்து மாமனார் வந்து பார்த்தார். "கார்த்திகை தீபத்துக்குள்ள தேறலனா ஊட்டுக்கு இட்டுனு போயிடறேன் மாப்ள" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது?

டாக்டர் புதிதாக ஒரு காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். காய்ச்சலுக்குத் தந்த மாத்திரை கெட்ட கிருமியோடு குடலிலிருந்த நல்ல கிருமியையும் கொன்றுவிட்டதாம். இது நல்ல கிருமியைத் திரும்ப உள்ளே அனுப்புகிற மருந்தாம்.

"என்ன கிருமி டாக்டர்?"

"தயிர்ல இருக்கிற மாதிரிதான்."

"அப்ப தயிரே சாப்பிடலாமே?"

"சாப்பிட்டா நல்லதுதான். அவங்கதான் சாப்பிட மாட்டேங்கிறாங்களே."

முதலில் கிருமியைக் கொல்ல மருந்து, பிறகு கிருமியையே மருந்தாக விழுங்கச் சொன்னால் மனிதன் எதைத்தான் நம்புவது?

நான் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் வழவழ தாளில் அச்சான வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கிடக்கும். அதில்தான் அந்தக் கட்டுரையைப் படித்தேன். எடையில்லாமல் மிதக்கிறவர்களின் குடலில் நல்ல கிருமிகள் குறைந்துவிடுகின்றனவாம். ஏன் குறைகின்றன என்று பார்த்தால், எடை போனதாலா, டப்பாச் சாப்பாட்டாலா, ஒரே இடத்தில் அடைந்து கிடப்பதாலா, மனப் பதற்றத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என முடித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ராக்கெட் விடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? என் வீட்டிலும் இதே கதைதான். கஞ்சியாலா, அறைக்குள்ளேயே கிடந்ததாலா, புது இடத்தின் பயத்தாலா, மாத்திரையாலா? அன்று டைப் அடித்த பத்திரத்தில் வாதியும் பிரதிவாதியும் இடம் மாறிவிட்டார்கள். வக்கீலிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தீபத்தன்று காலையில், "சந்தையில பெரிய ராட்டினம் வந்திருக்குதாம். ஏறணும்" என்றாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் ஆசையாகக் கேட்ட முதல் விஷயம் அதுதான். சந்தோஷப்பட வேண்டியவன் பயந்துவிட்டேன்.

"ராட்டினம் கீழ இறங்கறப்ப எடை போயிடும்."

"எங்க போவும்?"

"தெரியல. ஆனா போவும். உள்ள இப்பதான் ஒட்டியிருக்கிற நல்ல கிருமிங்கல்லாம் கலைஞ்சிடும்."

"டைபாய்டு வந்தது எனக்கா, உங்களுக்கா?" என்றாள்.

பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். அவள் மாடு கறக்கிற வீட்டில் பிறந்தவள். அவளுக்குத் தயிரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. "பாலக் காய்ச்சி வெதுவெதுனு ஆத்துங்க. அந்தக் காப்ஸ்யூல உடைச்சு அதுல கொட்டுங்க. தூக்குச்சட்டியோட ராட்டினம் ஏறுவோம். தயிர் ஆச்சுனா கிருமிக்கு ஒண்ணும் ஆவல, நான் சொல்றதுதான் சரி. ஆவலனா நீங்க சொல்றது சரி. எங்கப்பாகூடப் போயிடறேன்" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. என் விஞ்ஞானம் ஜெயித்தால் பெண்டாட்டி ஊருக்குப் போவாள். தோற்றால் நான் முட்டாள். எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமலே பாலைக் காய்ச்சினேன்.

மாட்டுச் சந்தைப் பக்கம் ஒரே புழுதி. ராட்டினக்காரர் தூக்கைப் பார்த்து, "சாமிக்குப் பாலா?" என்றார். "ஆமா" என்று கூசாமல் சொன்னாள். தூக்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உறை ஊற்றியதை அசைக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் அதைத் தூக்கிக்கொண்டு வானத்துக்கும் பூமிக்கும் போய் வந்தேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தூக்கின் மூடியை அழுத்திப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணத் தொறங்க, மலை மேல தீபக் கொப்பரை தெரியுது" என்றாள். நான் திறக்கவில்லை. அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இறங்கியதும் ஒரு வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

சாயங்காலம் மலையில் தீபம் தெரிந்ததும் கும்பிட்டுவிட்டுத் தூக்கை அடுப்போரமாக வைத்தாள்.

மறுநாள் காலை மாமனார் வந்தார். மகளின் துணிமணிக்காகக் கையோடு ஒரு காலிப் பை கொண்டுவந்திருந்தார். அவர் எதிரிலேயே தூக்கைத் திறந்தோம். மேலே ஆடையோடு உறைந்திருந்தது. கரண்டியை விட்டால் கீழே நூல் நூலாக, தண்ணீராக ஓடியது. தயிர் என்றால் தயிர், இல்லை என்றால் இல்லை. ராட்டினமா, கார்த்திகைக் குளிரா, கூட்டத்தில் இடிபட்டதா? வீட்டிலும் ஒரு கிண்ணம் உறை ஊற்றி வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

மாமனார் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "இது இன்னாது?" என்றார்.

"தயிரு" என்றாள். தட்டில் பழைய சோற்றைப் போட்டாள். தூக்கிலிருந்ததை அப்படியே கவிழ்த்தாள். உப்புப் போட்டுப் பிசைந்தாள். முதல் வாய், ரெண்டாவது வாய். தட்டைத் தள்ளவில்லை. "தயிர்தான்ப்பா" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். நடுவில் ஊறுகாய் கேட்டாள். தட்டை வழித்து முடிக்கும் வரை மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வரேன் மாப்ள" என்று கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்தேன்.

"நெசமாவே பசிச்சுச்சா? இல்ல, ஊருக்குப் போவக் கூடாதுனு சாப்ட்டியா?"

அவள் விரலைச் சூப்பிக்கொண்டே அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு இருக்குதாங்க?" என்றாள்.