மாஸ்டர் வைத்த புள்ளி

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, உங்கள் கடை ரேக்கைப் போட்டது யார் என்று கேளுங்கள். பத்தில் ஏழு பேர் வெள்ளையன் மாஸ்டர் என்பார்கள். மீதி மூன்று பேர், மாஸ்டர் போட்டதைப் பார்த்து வேறு ஆளை வைத்துப் போட்டவர்கள். அந்த மூன்றும் தன்னுடையதுதான் என்பார் மாஸ்டர். அதில் ஒன்றும் தப்பில்லை.

பொங்கலூருக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில் பிறந்த மனிதர். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். பதினாறு வயதில் பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளுக்கு அடியில் துண்டுத் துணி பொறுக்கினார். பத்தொன்பதில் அதே டேபிளுக்கு மேலே கத்தியைப் பிடித்தார். இருபத்திரண்டு வருசம் கட்டிங் மாஸ்டர். அப்புறம் கம்பெனிகளுக்கு டேபிள், ரேக் என்று செய்து கொடுக்க ஆரம்பித்து, கடைகளுக்கு உள்வேலை எடுத்துச் செய்கிற ஆளாக எழுந்து நின்றார். கை கொடுத்துத் தூக்கிவிட ஒரு மச்சான்கூட இல்லை. எல்லாம் சொந்தக் கை, சொந்தக் கண்.

காகிதத்தில் படம் என்று ஒன்றை அவர் போட்டதே கிடையாது. கட்டிங் மாஸ்டர் பனியனைச் சின்னதாகப் படம் போட்டுப் பார்ப்பதில்லை. துணி மேலேயே முழு அளவுக்குக் கோடு போடுகிறான். மாஸ்டருக்குக் கடையும் அப்படித்தான். காலிக் கடைக்குள் போவார், சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுப்பார், தரையில் முழு அளவுக்கே இழுத்துவிடுவார். "இது கல்லா. இது ரேக்கு. நீங்க இங்க உக்காருங்க மொதலாளி. கைய நீட்டுங்க. எட்டுதுங்களா?" எட்டினால் வேலை ஆரம்பம். ஒரு கடையாவது கோணையாகப் போனது என்று சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இப்பேர்ப்பட்ட மனிதருடைய வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டவள் சித்ராதேவி.

சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்த பெண். மாஸ்டர் வேலை பார்த்த அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். செக்கிங் என்றால், முடிந்த பீஸைப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னதாக அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. மாஸ்டர் வெட்டிய பீஸில் ஸ்டிக்கர் ஒட்ட அந்தக் கம்பெனியில் ஒருத்தருக்கும் தைரியம் வராது. இவள் வந்த மூணாம் நாளே ஒட்டினாள். ஒன்றல்ல, இரண்டு. அதை மாஸ்டர் இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

கம்பெனியை விட்டபின் போனைப் பார்த்துப் பார்த்து என்னவோ கற்றுக்கொண்டாள். கட்டாத கடையைக் கட்டி முடித்த மாதிரி சார்ட் பேப்பரில் வரைந்து காட்டுவாள். பென்சில், ஸ்கேல், ரப்பர், அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பார்த்தால் வாசலில் நின்று உள்ளே பார்க்கிற மாதிரியே இருக்கும். ரேக்கு, தரை டைல்ஸ், கூரை எல்லாம் உள்ளே உள்ளே ஓடும். இந்த ஒரு வருசத்தில் மூன்று கடைக்காரர்கள் மாஸ்டரைத் தாண்டி அவளிடம் போய்விட்டார்கள். அதில் மாதவன் என்கிறவன், படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியே வைத்திருக்கிறான். சாமி படத்துக்குப் பக்கத்தில்!

"நான் போட்ட ரேக்கு பதினஞ்சு வருசமா அவனோட சரக்கச் சொமக்குது. அதுக்கு ஒரு பூ வெச்சானா?" என்று வீட்டில் வந்து கேட்டார்.

அவர் சம்சாரம் சென்னம்மாள் வாயை அடக்கத் தெரியாதவர். "ரேக்குக்குப் பூ வெக்கோணுமுங்களா? நாளைக்கு ஒரு மொழம் வாங்கித் தாரேன், கொண்டுபோயி வெச்சுட்டு வாங்க."

சிரிப்பு வரவில்லை மாஸ்டருக்கு. சோற்றில் கை வைத்தால் அந்தப் படம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

இதற்கு நடுவில்தான் அலாவுதீன் பாய் கூப்பிட்டார். மாஸ்டர் கட்டிங்கை விட்டு வந்து முதல்முதலாகக் கட்டிய கடை பாயுடையது. அன்றைக்கு அவரை நம்பின ஒரே மனிதர். இப்போது பக்கத்துக் கடையையும் வாங்கி, நடுச்சுவரை இடித்து, ஒரே பெரிய கடையாக்கப் போகிறார். மாஸ்டர் சாக்பீஸோடு போய் நின்றார்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவை படம் போட்டுப் பாத்துட்டுச் செய்யலாம்னு இருக்கேன். அந்தப் பொண்ணு சித்ராதேவிகிட்டயும் சொல்லியிருக்கேன். நீங்களும் ஒண்ணு வரைஞ்சு கொண்டாங்க. வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சுட்டு வந்து ரெண்டையும் பாக்கறேன். எது மனசுக்குப் பிடிக்குதோ, வேலை அவங்களுக்கு."

மாஸ்டர் சாக்பீஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தன் முதல் கடை. அதிலிருந்து தன் ரேக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் வந்து கட்டுவதா? மற்றக் கடையெல்லாம் போகட்டும். இது போகக்கூடாது.

"அதுக்கென்னுங்க பாய்," என்றார். "படந்தானே? போட்டுட்டாப் போகுது."

மறுநாள் மாதவன் கடைக்குப் போனார். பனியன் வேண்டும் என்றார். மாதவன் உள்ளே போய் எடுத்து வருவதற்குள் கல்லாவுக்கு மேலே இருந்த படத்தை முறைத்துப் பார்த்தார். அடுத்த நாளும் போனார். மூன்றாம் நாள் நூல் ஒன்றைக் கொண்டுபோய்ப் படத்தின் மேல் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஓடுகிற கோடெல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகிறது! ரேக்கின் மேல் விளிம்பு கீழே இறங்கி அங்கே போகிறது. தரைக்கோடு மேலே ஏறி அங்கே போகிறது. பாருங்கள், யாரும் சொல்லித் தராமல் மூன்றே நாளில் பிடித்துவிட்டார். அடுத்தது டைல்ஸ். முதல் வரிசையை இஞ்ச் டேப்பால் அளந்தார். சரியாக ஒரு இஞ்ச். இரண்டாவது முக்கால் இஞ்ச். அதற்குள் மாதவன் வந்துவிட்டான்.

போதும், இரண்டு வரிசையே போதும். மாஸ்டருக்கு விசயம் விளங்கிவிட்டது. இது ஷ்ரிங்கேஜ்! துணியை அலசினால் சுருங்கும். எத்தனை பர்சென்ட் சுருங்கும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி கூட வைத்து வெட்டுவதுதான் கட்டிங் மாஸ்டர் வேலை. இங்கே நாலில் ஒரு பங்கு சுருங்குகிறது. இருபத்தஞ்சு பர்சென்ட். இதற்குப் போய் இந்தப் பெண் இவ்வளவு ஆட்டம் ஆடினாளா!

வீட்டில் சென்னம்மாள் பையைப் பிரித்துப் பார்த்தார். "ஏனுங்க, திருப்பூர்ல இருந்துக்கிட்டுக் காசு குடுத்துப் பனியன் வாங்குன மொத ஆளு நீங்கதானுங்க. அதும் ஒம்போது. ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுக்கப் போறீங்களா?"

"தொழில் விசயம். உனக்குப் புரியாது."

"புரியுதுங்க. அந்தப் புள்ளையப் பத்திப் பேசறப்பவெல்லாம் உங்க மூஞ்சி வெந்த கத்திரிக்கா மாரி ஆகுது. அது ஒண்ணு போதாதுங்களா புரியறதுக்கு?"

மாஸ்டர் பென்சிலைச் சீவினார். சார்ட்டை விரித்து உட்கார்ந்தார். முதல் வரிசை ஒரு இஞ்ச். அடுத்தது முக்கால். அதில் கால் பங்கைக் கழித்து அடுத்தது. அதிலும் கழித்து அடுத்தது. பன்னிரண்டு வரிசை. கை நடுங்காத கோடு. வியாழக்கிழமை மத்தியானம் முடித்தார். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். தூரத்தில் என்னவோ நெருடியது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் தவறாத வேலை. பார்க்கிற கண்ணில்தான் கோளாறு என்று வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பாய் தொழுகையிலிருந்து வந்தார். கடைத் தரையில் போட்டிருந்த மெத்தையில் மாஸ்டரும் சித்ராதேவியும் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். பாய் முதலில் மாஸ்டருடைய படத்தைத்தான் கையில் எடுத்தார். மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"ரேக்கெல்லாம் அம்சமா இருக்கு மாஸ்டர். ஆனா இந்தக் கடைசி டைல்ஸ் இருக்கே..." பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இதுமேல எறும்புகூடப் பக்கவாட்டுலதான் நிக்கணும் போலிருக்கே?"

"தூரத்துல அப்பிடித்தானுங்க பாய் தெரியும். எட்டப் போகப் போகச் சுருங்கும்."

பாய் சித்ராதேவியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

அவள் தயங்கினாள். "மாஸ்டர் வேலையில நான் என்னத்தச் சொல்ல..."

"அட, சொல்லு கண்ணு!" என்றார் மாஸ்டர். "ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு உனக்குச் சொல்லியா தரோணும்?"

அவள் ஒரு நீள ஸ்கேலை எடுத்தாள். தன் படத்தின் மேல் குறுக்காக வைத்தாள், முன்வரிசையின் இந்த மூலையிலிருந்து உள்ளே அந்த மூலைக்கு. ஒவ்வொரு டைல்ஸின் முனையும் ஸ்கேலில் வந்து தொட்டுக்கொண்டு நின்றது. அப்புறம் ஸ்கேலை மாஸ்டர் படத்தின் மேல் வைத்தாள். முதல் மூன்று முனை தொட்டன. நாலாவது விலகியது. போகப்போக முனைகள் வளைந்துகொண்டு எங்கேயோ போயின.

"சதுர டைல்ஸுக்குக் குறுக்குக்கோடு நேரா ஓடணும் மாஸ்டர். ஒரே பர்சென்ட்ல சுருக்குனா இப்படித் திரும்பிரும். மொதல்ல வேகமாச் சுருங்கும், உள்ள போகப்போக மெதுவாத்தான் சுருங்கும்."

அதற்குமேல் அவள் பேசத் தேவையே இல்லை. மாஸ்டர் பார்த்துவிட்டார். மட்டமான துணியில் தைத்த பனியனை ஒரு தடவை அலசினால், பக்கத்தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்து நிற்கும். அதே முறுக்கு. அப்படிப்பட்ட பீஸைத் தன் கையால் எத்தனை ஆயிரம் தடவை ரிஜெக்ட் மூட்டையில் எறிந்திருக்கிறார்! இன்றைக்குத் தன் பீஸ்.

சுருட்டினார் படத்தை. ஆனால் எழுந்து போக மனசு வரவில்லை. அவளுடைய படத்தை இப்போதுதான் பக்கத்தில் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. ஏதாவது ஒரு குறை, ஒரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிற அளவுக்காவது ஒரு குறை வேண்டும் அவருக்கு.

"ஏம்மா, இந்தக் கோடெல்லாம் போய் முட்டுதே, அந்தப் புள்ளி தரையில இருந்து எத்தன அடி ஒசரம்?"

"அஞ்சடி மாஸ்டர். நிக்கிறவங்க கண்ணு மட்டம்."

"பாய் கடையில எவன் நிக்கிறான்?"

சித்ராதேவி நிமிர்ந்து பார்த்தாள்.

மாஸ்டருக்குக் குரல் ஏறிவிட்டது. "காதர்பேட்டைக்குச் சரக்கெடுக்க வர்றவன் நின்னுக்கிட்டா எடுக்கறான்? செருப்பக் கழட்டிட்டு மெத்தையில உக்காந்து, டீயக் குடிச்சுக்கிட்டு, அதக் காட்டு இதக் காட்டும்பான். அவன் கண்ணு மூணடிகூட இருக்காது. நீயே கீழ உக்காந்து பாரு! மேல்தட்டுல அடுக்குன சரக்கா தெரியுது? தட்டோட அடிப்பலகையில்ல தெரியுது! மூணடிக்கு மேல இருக்கற சரக்கையெல்லாம் படுக்கப் போட்டு அடுக்குனா அவன் கண்ணுல படாது. விளிம்புக்குக் கொண்டாந்து, முன்னால பாக்க நிறுத்தி வெக்கோணும். பாயை நான் அன்னிக்குத் தரையில உக்கார வெச்சுத்தான் கோடு போட்டேன். கேட்டுப் பாரு!"

அலாவுதீன் பாய் மெத்தையில் உட்கார்ந்தபடியே பழைய ரேக்கை அண்ணாந்து பார்த்தார். "வாஸ்தவம்," என்றார்.

மாஸ்டர் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார். ஆனால் சித்ராதேவி வாதாடவில்லை. மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், சுற்றிலும் பார்த்தாள், தலையை ஆட்டினாள். புதுச் சார்ட்டை விரித்தாள். மூணடி மட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அரைமணி நேரத்தில் பாய் பார்க்கப் பார்க்கவே கடை வேறாக எழும்பியது. தரை மெலிந்தது, ரேக்கு ஓங்கி நின்றது, மேல்தட்டுச் சரக்கு முன்னால் வந்து முகம் காட்டியது. நின்று பார்க்கிற கடை வேறு, இது வேறு. சூரத்துக்காரனும் கொல்கத்தாக்காரனும் சரக்கெடுக்க வந்து உட்கார்ந்தால் பார்க்கப்போகிற கடையே அதுதான்.

பாய் ரொம்ப நேரம் பார்த்தார். மாஸ்டரைப் பார்க்காமல் சொன்னார், "வேலை அந்தப் பொண்ணுக்குத்தான் மாஸ்டர்."

தன் வாயால் தானே கொடுத்துவிட்டார்! வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருந்தால், பாய் அஞ்சடிக் கடையைக் கட்டிவிட்டு, ஆறு மாசத்தில் "மாஸ்டர், நீங்க சொன்னதுதான் சரி" என்று வந்து நின்றிருப்பார். வீட்டுக்குத் திரும்பப் பல்லடம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதே நினைப்பு நெஞ்சைப் போட்டு அறுத்தது.

கடை திறந்த அன்றைக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தார். போனார். கல்லாவுக்கு மேலே அந்தப் படம், கண்ணாடி போட்டு. கீழே மூலையில் சித்ராதேவி என்று கையெழுத்து. மாஸ்டர் கண்ணை இடுக்கிக்கொண்டு நடுவில் தேடினார்.

"ஏம்மா, அந்தப் புள்ளி எங்க?"

"அழிச்சாச்சு மாஸ்டர். படம் முடிஞ்சதும் அழிச்சிரணும். புள்ளி தெரிஞ்சா படம் கெட்டுரும்லா?"

"நான் சொன்ன எடத்துல வெச்ச புள்ளி..."

"ஆமா மாஸ்டர். எல்லாக் கோடும் உங்க புள்ளிக்குத்தான் போகுது." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேலியா மரியாதையா என்று மாஸ்டருக்குப் பிடிபடவில்லை. மரியாதையாக இருந்தால் இன்னும் எரிச்சல்.

அவள் வந்தவர்களுக்கு இனிப்புக் கொடுக்கப் போனாள். பாய் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டர் சட்டைப் பையைத் தடவினார். சாக்பீஸோடு மார்க்கர் பேனா ஒன்றும் இருந்தது. நூலெல்லாம் வேண்டியதில்லை அவருக்கு. பார்த்த பார்வையிலேயே எல்லாக் கோடும் போய் முட்டுகிற இடம் தெரிந்தது. கண்ணாடி மேல் ஒரு புள்ளி வைத்தார். எள்ளு அளவுதான். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அச்சாக உட்கார்ந்திருந்தது.

இப்போதும் மாசத்துக்கு இரண்டு தடவையாவது, சட்டைப் பையில் மார்க்கரோடு, அந்தப் பக்கம் போகிறார். டீ குடிக்கிறார், ரேக்கைத் தட்டிப் பார்க்கிறார், வருகிறவர்களிடம் "மூணடி மட்டம், நான் சொன்னது" என்கிறார். பாய் மட்டும், இந்தக் கடையில் ஈக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, எப்போது பார்த்தாலும் அதே இடத்தில் எச்சம் வைத்துவிட்டுப் போகிறது என்று துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.