லூர்து மேரியின் தொண்ணூற்று நான்கு சென்ட்

லூர்து மேரி 1906 பிப்ரவரியில் பிறந்தாள் என்று மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவேடு சொல்கிறது. அவள் தன் வயதை எப்போதும் இரண்டு குறைத்தே சொல்வாள். நான் பதிவேட்டையே எடுத்துக்கொள்கிறேன். பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில் நான் முப்பத்தொரு வருடம் நிலக்கணக்கு எழுதிய கர்ணம். கீழே வரும் தேதிகளும் அளவுகளும் அன்றன்று எழுதி வைத்தவை.

அவளும் அவள் புருஷன் சவுரிராயனும் தாண்டவராயன் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். 1938 ஜூலையில் அவர்களுக்கு சர்க்கார் தரிசில் தொண்ணூற்று நான்கு சென்ட் நிபந்தனைப் பட்டாவாகக் கிடைத்தது. மூன்று பசலிக்குள், அதாவது 1941 ஜூன் முடிவதற்குள், ஒரு முழு விளைச்சல் எடுத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நிலம் திரும்பப் போய்விடும். அப்படிப் போனால் தனக்குத் தரும்படி, பக்கத்து நிலத்துக்காரரான தாண்டவராயன் முன்கூட்டியே மனு எழுதிக் கொடுத்திருந்தார்.

நிலம் முழுக்கச் சரளை. முதல் வருடம் கேப்பை விதைத்தாள். முழ உயரம் வந்து மஞ்சளாகிச் செத்தது. இரண்டாம் வருடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. செடிக்கு இரண்டு காய், அதிலும் ஒன்று பொக்கு. அடங்கல் என்னும் பயிர்க்கணக்கில் இரண்டு வருடமும் 'சாவி', அதாவது விளையாமல் போனது, என்றே எழுதினேன். எரு இல்லாமல் அந்த மண்ணில் எதுவும் நிற்காது. அவளுக்கு மாடு கிடையாது. தாண்டவராயனிடம் போய்க் கேட்டாள்.

"என் எரு எனக்கே பத்தல மேரி. பேசாம எழுதிக் குடுத்துட்டு வந்துடு. அந்தச் சரளையில நாயுருவிகூட மொளைக்காது" என்றார் அவர்.

திண்டிவனம் போகும் வண்டித்தடத்தின் ஓரமெல்லாம் கொழுஞ்சி மண்டிக் கிடக்கும். முழங்கால் உயரச் செடி, ஊதாப் பூ, தட்டையான சிறு காய். ஆடு வாய் வைக்காது. சித்திரை வெயிலுக்கும் வாடாது. நல்ல தழையுரம் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் நஞ்சைக்காரர்கள் ஆள் விட்டு அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எஞ்சிய செடிகளில் முற்றிய காயை யாரும் சீந்துவதில்லை. மேரி அதை உருவ ஆரம்பித்தாள். விதைத்து, தன் நிலத்திலேயே வளர்த்து, அங்கேயே மடக்கி உழுதுவிடலாம் என்பது அவள் எண்ணம். 1940 தை, மாசியில் வேலை விட்டு வரும் வழியில் முப்பத்தெட்டு நாள் உருவி, பதினான்கு படி விதை சேர்த்தாள்.

ஏப்ரல் 19 அன்று கோடை மழை பெய்தது. ஏழு படியை விதைத்தாள். பதினைந்து நாள் கழித்து ஒரு சென்ட்டை அளந்து எண்ணினேன்; பதினெட்டுச் செடி இருந்தது.

"இன்னா மேரி, கொழுஞ்சியையே சாவடிச்சிட்டியா?" என்று தாண்டவராயன் கேட்க, களத்திலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"சாவலீங்க. தூங்கிக்கினு இருக்குது" என்றாள் அவள்.

அது வாய்க்கு வந்த பதில் இல்லை. மண்ணைக் கிளறிப் பார்த்திருந்தாள். மழையில் நனைந்தும் ஊறாமல், கல் போல அப்படியே கிடந்தது விதை.

அடுத்த மழைக்குப் பிறகு தடத்தில் நடந்தவள் ஒன்றைக் கவனித்தாள். தாய்ச்செடிக்குக் கீழே விதை குவிந்து கிடந்த இடத்தில் முளைப்பு இல்லை. புதுக் கன்றுகளெல்லாம் வண்டிச்சக்கரம் உருண்ட இரண்டு வரியிலும், ஆட்கள் மிதித்து நடந்த ஒற்றையடிப் பாதையிலும்தான் நின்றன. சக்கரத்தடத்தில் கிடந்த விதைகளைப் பொறுக்கி என்னிடம் கொண்டுவந்தாள். மணலில் உரசி அவற்றின் தோல் மங்கியிருந்தது.

"தோலு கெட்டிங்க ஐயா. தேச்சாத்தான் தண்ணி உள்ள பூரும்" என்றாள்.

இரண்டு உடைந்த சட்டிகளில் நூறு நூறு விதை போட்டாள். ஒன்றில் மணலில் தேய்த்தது, மற்றதில் தேய்க்காதது. எட்டாம் நாள் எண்ணியது நான்தான். தேய்த்ததில் எழுபத்தொன்பது முளைத்திருந்தது, தேய்க்காததில் பதினொன்று.

மீதி ஏழு படியை ஆற்றுமணலோடு உரலில் போட்டு, பூண் இல்லாத உலக்கையால் விதை உடையாமல் மெல்லக் குத்தினார்கள். ஜூன் 28 மழையில் விதைத்தார்கள். செப்டம்பரில் நிலத்தில் கால் வைக்க இடமில்லை. சவுரிராயன் ஒருவருக்கு நான்கு நாள் உழைத்து, அதற்கு ஈடாக இரண்டு நாள் ஏர் வாங்கி வந்து மடக்கி உழுதான். அக்டோபர் 9ஆம் தேதி கேப்பை நாற்று நட்டார்கள்.

1941 ஜனவரி 22 அன்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கேப்பை இடுப்பளவு நின்று கதிர் சாய்ந்திருந்தது. தாண்டவராயனும் வந்திருந்தார்.

"இந்த மண்ணுல இது வெளையாது சார். எங்கியோ புடுங்கியாந்து நட்டுக்கினு கண்ல காட்டுறாங்க."

இன்ஸ்பெக்டர் மேரியைப் பார்த்து, "எங்கே, ஒன்றைப் பிடுங்கு" என்றார்.

"நான் புடுங்கினா அதுலயும் சூதுன்னுவாருங்க. அவரையே புடுங்கச் சொல்லுங்க."

தாண்டவராயன் ஒரு கையால் இழுத்தார், வரவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். தலையளவு மண்கட்டியோடு வந்தது. கட்டி முழுக்க வேர். வேருக்கு நடுவே கறுத்து மக்கிய கொழுஞ்சித் தண்டு.

"நேத்து நட்டதுங்க அது" என்றாள் மேரி.

இன்ஸ்பெக்டர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் அடங்கலில் 'கேப்பை, முழு விளைச்சல்' என்று எழுதினேன். வருடாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் நிபந்தனை நிறைவேறியதாகக் குறித்து, தாண்டவராயனின் மனுவைத் தள்ளினார்கள்.

கதிரடித்தபோது நான்கு மூட்டையும் மூன்று மரக்காலும் கண்டது. அடிக்கிற அன்று காலையிலேயே தாண்டவராயனின் ஆள் வந்து வரப்பில் நின்றான். அவர் வீட்டிலும் அன்று அறுவடை.

"இன்னா மேரி, இன்னும் கிளம்பலியா? அங்க ஆளுங்க எல்லாம் வந்தாச்சு. ஜல்தி வா."

மேரி முறத்தைக் கீழே வைக்கவில்லை. காற்று வாகாக வீசிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கி வர முடியாதுன்னு சொல்லு. எங்க களத்துலயே வேலை கெடக்குது. அவருகிட்ட ஆளு மிச்சமிருந்தா ரெண்டு பேரை இங்க அனுப்பச் சொல்லு, கூலி கேப்பையா அளந்துடுறேன்."