அழித்துவிட்ட சோதனைப் படங்கள்

பூட்டு ரிப்பேர்காரர் வருஷக்கணக்காகக் கேமரா கடைக்குப் போவது கடைக்காரியைப் பார்க்கத்தான் என்று தெருவே பேசியது. வம்பென்றால் எனக்கு வாயூறும். விசாரிக்கப் போனேன்.

கடைக்காரி சிரிக்கவில்லை. "சம்சாரத்தோடதாங்க வருவார். ஒவ்வொரு லென்ஸா மாட்டி அந்த அக்காவை எடுப்பார். பெரிசாக்கி, இமைமுடி தெளிவா இருக்கான்னு பார்த்துட்டு அழிச்சிடுவார்."

"ஒண்ணையாவது வெச்சுக்குங்களேன்" என்பாராம் அந்த அம்மாள்.

"இரு தாயே, நல்ல லென்ஸா வாங்கி உன்னை ஜோரா ஒண்ணு எடுத்துத் தரேன்" என்பாராம் பூட்டுக்காரர்.

போன மாதம் அந்த அம்மாள் இறந்துபோனார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை.

உள்ளே பூட்டுக்காரர் இரண்டு லென்ஸ்களோடு நின்றிருந்தார்.

"எது தேவலை அண்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டுலயுமே அவ நல்லாத்தான் இருந்தா," என்றார். "ஒரு படம் பாக்கி வெச்சுட்டேன் தம்பி."