அம்மா பேசாத தமிழ்

என் முதல் நாவலைக் கணினியில் அடிக்கக் கொடுத்த பதுளைக் கடையில்தான் நான் பிடிபட்டேன். அடித்துக்கொண்டிருந்த ராத்தா, கடைக்கார முஸ்லிம் அக்கா, பாதியில் நிமிர்ந்தார்.

"கதையில வாற அம்மா யாழ்ப்பாணமா?"

"இல்லீங்க. தெமோதரைத் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுக்கிறவங்க. எங்கம்மா மாதிரி."

"பொறகு ஏன் மகள 'கவனமாப் போட்டு வா பிள்ளை'ங்கிறாங்க?"

முகம் சுட்டது. யாழ்ப்பாணத்து டீச்சரிடம் தமிழ் படித்தவள் நான்; 'போயிட்டு வா' என்பது அவர் வாயில் 'போட்டு வா'. அவர் பேச்சுதான் புத்தகத்துக்குத் தகும், லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், பேசும் பேச்சு தகாது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

தாள்களை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். தெமோதரையில் இறங்கியபோது பனி மூடியிருந்தது. மலையும் இல்லை, லயமும் இல்லை. எங்கிருந்தோ ஒரு தாய் தன் பிள்ளையை அனுப்பும் குரல் மட்டும் மிதந்து வந்தது.

"பாத்துப் போயிட்டு வா சாமி."

என்னிடம்தான் சொல்கிறாள் போலிருந்தது. அங்கேயே உட்கார்ந்து, பழைய வரியை வெட்டிவிட்டு அதை எழுதினேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது நா பேசுறதாச்சே. இத எழுதவா இம்புட்டுப் படிச்ச?"

"ஆமாம்மா" என்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருடம் பிடித்தது.