துறைத் தலைவி கிழித்த காலண்டர் அட்டை

1

செஞ்சியில் இருந்த எங்கள் பல்கலைக்கழக மையத்தில், பாலினம் மற்றும் பாலியல் ஆய்வுத் துறைக்குத் தலைவியாகச் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கோபம் வந்துவிட்டது. துறை நூலக ரேக்கில் இருந்த அத்தனை புத்தகங்களுக்கும் அரிசி மண்டி காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. எங்கு பார்த்தாலும் முருகனும் லட்சுமியும்.

"யார் வேலை இது?"

அட்டெண்டர் மாணிக்கம் முன்னால் வந்தார். "நான்தான் மேடம். பொஸ்தகத்துப் பேரு வெளிய தெரிஞ்சா ஊர்ல இன்னா நெனைப்பாங்க?"

வெட்கம் எப்படி உருவாக்கப்படுகிறது என்று நின்ற இடத்திலேயே அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். பிறகு நானே உட்கார்ந்து எல்லா அட்டையையும் கிழித்தேன். அவர் குப்பையை அள்ளினார். ஏதோ பெரிய புரட்சி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ குடித்தேன்.

2

அன்றிலிருந்து யாரும் புத்தகம் எடுக்கவில்லை. கடைசியில் அவலூர்பேட்டை சுமதி மட்டும் ஒன்று எடுத்தாள். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. அவள் வீட்டிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். புத்தகத்தின் மேலே 'பாலியல்' என்று கொட்டை எழுத்து. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அவளுடைய அத்தை.

மறுநாள் காலை சுமதியின் அப்பா அந்தப் புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் சுமதி, அழுது வீங்கிய முகத்துடன்.

"இன்னாம்மா பொஸ்தகம் இது? இதுக்குத்தான் பஸ் ஏத்தி அனுப்பிச்சனா? படிச்சது போதும், டிசி குடுங்க."

நான் 'ஆணாதிக்கச் சமூகக் கட்டமைப்பு' என்று ஆரம்பித்தேன். அவர் முகம் இன்னும் சிவந்தது. "டிசி குடுங்க" என்றார் மறுபடியும். என்னால் ஒரு பெண்ணின் படிப்பே போகப்போகிறது.

மாணிக்கம் குறுக்கே வந்து புத்தகத்தை வாங்கினார். தேடாமலே ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"அண்ணா, பேரத்தான பாத்தீங்க? உள்ளாற இன்னா இருக்குதுன்னு கேளுங்க. புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணா கழனிக்குப் போயி ஒண்ணா வர்றாங்க. அவன் கட்டில்ல சாயறான். அவ அடுப்பு பத்த வைக்கறா. ஏன்னு கேக்குது."

சுமதியின் அப்பா அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். "இத எம் பொண்டாட்டி தெனம் கேக்கறா. பொஸ்தகத்துலயே போட்டுட்டானுங்களா?"

"மூணாவது பாடம் முழுக்க இதாண்ணா."

"செரி, படிக்கட்டும். ஆனா அட்ட போட்டுக் குடுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அட்டை போட்ட சாக்கில் மாணிக்கம் எல்லாவற்றையும் படித்திருக்கிறார். நானோ அந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. வெட்கமாக இருந்தது, இது யாரும் உருவாக்காத வெட்கம். அவர் காலண்டர் தாளை வெட்டிக் கொடுக்க, நான் பசை தடவினேன்.

3

சரஸ்வதி பூஜை முடிந்து சுமதி புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அட்டையில் இருந்த லட்சுமிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. மூன்றாவது பாடத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

"படிச்சு முடிச்சிட்டியா?"

"நான் முடிச்சிட்டேன் மேடம். நைனாதான் இன்னும் முடிக்கல. இன்னொரு வாரத்துக்கு எழுதிக் குடுங்க."

ரிஜிஸ்டரில் எழுதிக் கொடுத்தேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதையும் திறந்து பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அட்டையைக் கிழிப்பதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். நான் தினமும் காரில் வந்து போனேன். சுமதி அத்தையோடு பஸ்ஸில் போனாள்.