மங்கல் கண்ணாடிக் கதவு

கண்ணாடி மேஸ்திரி என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். மாடிப்படி ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி, அலுவலகத் தடுப்புக்கு அலையலையாய் நெளியும் கண்ணாடி, குளியலறைக்கு மங்கல் கண்ணாடி என்று எது எங்கே பொருந்தும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வாய் மட்டும் சும்மா இருக்காது.

அந்த வாயும் அடைத்துப்போனது. மனைவிக்கு மார்பில் புற்றுநோய். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: "இனிமே என்னை யாரும் பாக்க வேண்டாம். நீங்களும்தான்."

கட்டு மாற்ற நர்ஸ் வந்தால் இவர் கதவுக்கு வெளியே நிற்பார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனை இப்படித் தள்ளி நிறுத்திவிட்டாளே என்று உள்ளுக்குள் நொறுங்கிப்போனார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

படுக்கையறையை ஒட்டிய குளியலறை ஒரே இருட்டு. அவள் விழுந்து கிடந்தாலும் தெரியாது. அதனால் மரக்கதவைக் கழற்றிவிட்டு மங்கல் கண்ணாடிக் கதவு போட்டார். வெளிச்சம் உள்ளே போகும். ஆள் நிழலாகத்தான் தெரியும்.

"ஒண்ணும் தெரியாதுல்ல?" என்றாள்.

"என் தொழில் மேல சத்தியம்."

ஈரக்கை வழுக்கக் கூடாதே என்று கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தை உட்புறமாக வைத்துப் பொருத்தினார். அட பாவி மனுஷா! அந்தப் பக்கம் தண்ணீர் பட்டால் மங்கல் போய்ப் பளிச்சென்று தெரியும் என்று வாடிக்கையாளர்களிடம் தொண்டை கிழியக் கத்தியவர் இவர்தான். அவள் விழுந்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில் அது சுத்தமாக மறந்துபோயிற்று.

தையல் ஆறியதும் முதன்முதலாகத் தனியாகக் குளிக்கப் போனாள். இவர் கட்டில் விளிம்பில் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஷவர் தண்ணீர் கதவில் தெறித்து வழிய, வழிந்த இடமெல்லாம் கண்ணாடி தெளிந்தது. மார்பு இருந்த இடத்தில் நீளமாக ஒரு தழும்பு. திரும்பியவள் இவரைப் பார்த்துவிட்டாள்.

இவருக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, பக்கம் மாத்திப் போட்டுத் தொலைச்சிட்டேனே! இப்பவே கழட்டித் திருப்பிடறேன்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தண்ணீர் நின்றது.

"பாத்துட்டீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாத்துட்டேன்மா."

ஈரக் காலடிச் சத்தம் கதவருகே வந்தது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

"கை மேல தூக்க முடியலைங்க, வலி உயிர் போகுது. வந்து முதுகு தேய்ச்சு விடுங்க."

போட்டிருந்த சட்டையோடு அப்படியே உள்ளே போனார்.