கங்காணி போகும்வரை

ஜஸ்லா பன்னிரண்டு வருடமாக மாத்தளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். தேயிலை மலையில் வழுக்கி முறிந்த கைகள், பஸ்ஸிலிருந்து விழுந்து பிசகிய தோள்கள் என்று எத்தனையோ எலும்புகள் அவளுக்குப் பழக்கம். அவற்றுக்குரியவர்களின் முகங்கள்தாம் மறந்துபோகும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஸ்கேனுக்குப் பயிற்சி தருகிறார்கள், அதில் ஆளை உட்காரவைத்துப் பேசவும் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

கடைசிப் பரீட்சை ஒரே ஒரு ஸ்கேன். பரீட்சகர் ரிஸ்வி கண்டியிலிருந்து வந்து கண்ணாடிக்கு அப்பால் இருந்து பார்ப்பார். நீண்டகாலம் புகைத்தவர்களுக்குத்தான் அந்த ஸ்கேன் என்பதால், வந்தவர் தகுந்தவரா என்று அவளே விசாரித்து எழுத வேண்டும். கதிர்வீச்சைக் குறைவாகத்தான் பாய்ச்சலாம். மூச்சசைந்து படம் கலங்கி, இரண்டாம் தடவை எடுத்தால் சான்றிதழ் அடுத்த வருடம்தான்.

அன்று டாக்டர் சீட்டோடு வந்தவர் எல்கடுவ தோட்டத்துக் கிருஷ்ணம்மா. கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கூடவே மகன் நிதுஷன்.

"பீடி எத்தனை வருசமாக் குடிக்கிறீங்கம்மா?"

"ஐயையோ, நானா? அதெல்லாம் எங்க வீட்டுக்காரரு மிஸ். நான் தொட்டதே இல்ல."

"அம்மாவுக்கு அந்த வாடையே ஆகாதுங்க மிஸ்" என்றான் மகன்.

கிருஷ்ணம்மாவின் சுட்டுவிரல் நுனியில் புகைக்கறை மஞ்சளாக ஏறியிருந்தது. "தம்பி கொஞ்சம் வெளிய இருங்க, அம்மா உடுப்பு மாத்தணும்" என்றாள் ஜஸ்லா.

கதவு சாத்தியதும் கிருஷ்ணம்மா குரலை இறக்கினார். "சின்ன வயசுல பீடி குடிச்சான்னு இவனை வெறகுக் கட்டையால அடிச்சேன் மிஸ். இப்ப எந்த வாயால சொல்றது?"

"எனக்கு மட்டும் சொல்லுங்க."

"முப்பத்திரெண்டு வருசம். அவரு பாதி குடிச்சிட்டு மீதிய எனக்குத் தருவாரு. அவரு போன பொறகு முழுசையும் நானே குடிக்கிறேன். பாதி குடுக்க ஆளில்லியே."

ஜஸ்லா அதை விசாரணைத் தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு, கையேட்டில் உள்ளபடி, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று பழக்கினாள். கிருஷ்ணம்மா கன்னத்தை உப்பவைத்து வாயை இறுக்கினார். நெஞ்சு ஏறவே இல்லை. மூன்று எண்ணுவதற்குள் இருமல். மறுபடியும் அதே கதைதான்.

"மலையில பீடி குடிக்கும்போது கங்காணி வந்தா என்ன செய்வீங்கம்மா?"

"பீடிய மறைச்சிருவேன்."

"புகைய?"

"அதை எங்க மறைக்கிறது? உள்ளேயே வச்சிக்கிட்டு நிப்பேன், அந்தாளு தாண்டிப் போற வரைக்கும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

மேசை இயந்திரத்துக்குள் நகர்ந்தது. ஜஸ்லா மைக்கை அழுத்தினாள். "ஒரு இழு இழுங்க. இன்னும் நல்லா. கங்காணி வர்றாரு."

நெஞ்சு உயர்ந்து அப்படியே நின்றது. ஏழு விநாடி.

"போயிட்டாரு. விடுங்க."

படம் தெளிவாக விழுந்திருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் வெளியே வந்தபோது நிதுஷன் வாங்குப் பலகையிலிருந்து எழுந்தான். ரிஸ்வி அவனைக் கவனிக்காமல் கேட்டார்: "கங்காணி கையேட்டுல இல்லியே ஜஸ்லா. ஏன் சொன்னீங்கன்னு நான் எழுதணும். காரணம் இல்லாம பாஸ் போட ஏலாது."

ஜஸ்லா நிதுஷனைப் பார்த்தாள். "காரணம் ஒன்னும் இல்ல சேர்." சொல்லும்போதே சான்றிதழ் கையைவிட்டுப் போவது தெரிந்தது.

"அந்தப் புள்ளய விடுங்கய்யா." கிருஷ்ணம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். "நான் பீடி குடிச்சவ. கங்காணி போற வரைக்கும் புகைய உள்ளேயே வச்சிருப்பேன். அதைச் சொல்லித்தான் மிஸ் எனக்கு மூச்சுப் புடிக்கப் பழக்குனாங்க."

நிதுஷன் அம்மாவையே பார்த்தான். "எத்தனை வருசம்மா?"

"ஒரு... ரெண்டு வருசம் இருக்கும்டா."

முப்பத்திரெண்டு என்று ஜஸ்லா எழுதிய விசாரணைத் தாள் ரிஸ்வியின் கையில்தான் இருந்தது. எழுத்து உள்ளே போகும்படி அவர் அதை மடித்தார். மடித்ததை மற்றத் தாள்களுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஜஸ்லாவிடம் சான்றிதழில் போட முழுப் பெயரைச் சொல்லச் சொன்னார்.